குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்த மோட்டார் சைக்கிள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு சிலிண்டர், 600 சிசி, தண்ணீரால் குளிரும் என்ஜின், நான்கு கார்புரேட்டர், இரும்பு டேங்க், செயின் டிரைவ். வயது 20-ஐத் தாண்டிய மோட்டார் சைக்கிள். உரிமையாளர் ஆண்டு முழுவதும் வண்டி ஓட்டக்கூடிய வெப்பமான பகுதியில் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர். சாலையில் பனி உறையும் ஊருக்கு வந்த பிறகு முதன்முறையாக வண்டியை ஐந்து மாதம் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. வண்டியை ஒழுங்காகப் பராமரிப்பவர். ஆயில், செயின், டயர் எதையும் தள்ளிப்போட்டதில்லை. குளிர்காலத்திலும் அவர் வண்டியை மறந்துவிடவில்லை. வாரம் தவறாமல் கொட்டகைக்குப் போய் என்ஜினை ஓடவிட்டார். வந்த சேதத்தில் பெரும்பகுதி அந்த அக்கறையால்தான் வந்தது என்பதால் இதைப் பதிவு செய்கிறோம்.

வண்டி நின்ற இடம் சூடேற்றப்படாத மரக் கொட்டகை. சிமென்ட் தரை, ஒரு சின்ன ஜன்னல். ஒரு மூலையில் வாசல் பனியை உருக்குவதற்கான உப்பு மூட்டை, வாய் திறந்தபடி.

நவம்பர்: நிறுத்திய விதம்

கடைசிப் பயணம் நவம்பர் முதல் வாரத்தில். அதற்குள் சாலையில் ஒருமுறை உப்பு தூவியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வண்டியை வெந்நீரில் கழுவித் துடைத்து, நேராகக் கொட்டகையில் ஏற்றினார். டேங்கில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 8 லிட்டர் பெட்ரோல் (கொள்ளளவு 17 லிட்டர்). அது 10 சதவீதம் எத்தனால் கலந்தது. ஆயில் மாற்றி 4,000 கிலோமீட்டர் ஓடியிருந்ததால், வசந்தத்தில் மாற்றினால் போதும், புது ஆயிலைக் குளிர்காலத்தில் வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டார். பேட்டரி வண்டியிலேயே இருந்தது. வெளியில் வாங்கிப் பொருத்திய திருட்டு அலாரமும் இயங்கிக்கொண்டிருந்தது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தி, ஓரங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

தூசியும் ஈரமும் உள்ளே வராமலிருக்கத்தான் அப்படி இறுக்கினார். ஆனால் கழுவிய வண்டியின் ஈரமும் சிமென்ட் தரையிலிருந்து எழும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் போயிற்று. பகலில் ஜன்னல் வெயிலில் தார்ப்பாய்க்குள் காற்று கொஞ்சம் சூடாகும், இரவில் உறையும் அளவுக்குக் குளிரும். இந்த ஏற்ற இறக்கத்தில் உள்ளே இருக்கும் ஈரம் திரும்பத் திரும்ப உலோகத்தின் மேல் வியர்த்து நிற்கும்.

நவம்பர், டிசம்பர்: வாரம் பத்து நிமிடம்

ஒவ்வொரு ஞாயிறும் தார்ப்பாயை விலக்கி, சோக் முழுவதும் இழுத்து ஸ்டார்ட் செய்து, சுமார் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் அணைத்துவிடுவார். ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறும், சீல்கள் காயாது, பேட்டரியும் சார்ஜ் ஆகும் என்பது அவர் எண்ணம். அவருக்கு இதைச் சொன்னவர்களும் நல்லெண்ணத்தில் சொன்னவர்களே. இன்றும் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

அவர் நம்பிய முள் கூலன்ட்டின் சூட்டைத்தான் காட்டுகிறது, ஆயிலின் சூட்டை அல்ல. பத்து நிமிட ஐட்லிங்கில் கூலன்ட் 80 டிகிரியை நெருங்கலாம். அப்போதும் சம்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கிடக்கும் மூன்றரை லிட்டர் ஆயில் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடாகி ஓடினால் அது ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்த என்ஜினில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும், இன்னொரு பகுதி சைலன்சருக்குள் தண்ணீராகவே தேங்கும். சோக் இழுத்த நிலையில் பெட்ரோல் கலவை அடர்த்தியாகப் போவதால், எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். அந்தத் தண்ணீரையும் பெட்ரோலையும் ஆயிலிலிருந்து ஓட்டி வெளியேற்ற வண்டி சாலையில் அரை மணி நேரமாவது சுமையோடு ஓட வேண்டும். கொட்டகைக்குள் அது முடியாத காரியம்.

டிசம்பர் நடுவில் ஆயில் பார்க்கும் கண்ணாடியில் வெளிறிய பசை ஒட்டியிருந்ததை உரிமையாளர் கவனித்தார். கூலன்ட் கசிந்து ஆயிலில் கலக்கிறதோ, ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று பயந்தார். கூலன்ட் அளவு குறையவில்லை என்று கண்டதும் விட்டுவிட்டார். கேஸ்கெட் போகவில்லை என்பது சரிதான். ஆனால் அந்தப் பசைக்கு வேறு காரணம் இருக்கலாம் என்ற திசையில் யாரும் யோசிக்கவில்லை. வண்டி கொடுத்த முதல் எச்சரிக்கை அது.

டிசம்பர் கடைசியும் ஜனவரியும்: செல்ஃப் எடுக்கவில்லை

ஏழாவது வாரம் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியது. அதற்கடுத்த வாரம் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றது. ஜனவரி முதல் வாரத்தில் கார் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றியிருக்கலாம் என்று நினைத்து, அதற்கு முன் பெட்ரோல் டேப்பைப் 'பிரைம்' நிலைக்குத் திருப்பினார்கள். இந்த வண்டியின் டேப் வேக்குவத்தால் இயங்குவது: 'ஆன்' நிலையில் என்ஜின் ஓடினால்தான் பெட்ரோல் இறங்கும், நின்றால் தானே அடைத்துக்கொள்ளும். 'பிரைம்' நிலையில் அந்தத் தடுப்பு கிடையாது, பெட்ரோல் எந்நேரமும் இறங்கும். டேப்பைத் திரும்ப 'ஆன்' நிலைக்கு மாற்ற மறந்துவிட்டார்கள்.

என்ஜின் ஓடியது, பத்து நிமிடத்தில் அணைத்தார்கள். அடுத்த வாரம் மறுபடி சத்தமில்லை. கடுங்குளிரும் தொடங்கிவிட்டது. அதன் பிறகு ஏப்ரல் வரை வண்டியை யாரும் தொடவில்லை. டேங்கில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமலிருக்கக் கலக்கும் மருந்து) ஊற்றியதும் இந்த ஜனவரியில்தான். என்ஜின் அதன்பின் ஓடாததால் அது கார்புரேட்டர் வரை ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை, கார்புரேட்டர்களின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணங்களில் ஏற்கெனவே இருந்தது பழைய பெட்ரோலே.

ஏப்ரல்: முதல் முயற்சி

ஏப்ரல் நடுவில் தார்ப்பாயை எடுத்தபோது கொட்டகையில் பெட்ரோல் வாடை. இடதுபுறத்து ஓவர்ஃப்ளோ குழாயின் கீழே தரையில் கறை. பேட்டரியை சார்ஜரில் போட்டால் சார்ஜர் ஏற்க மறுத்தது. மறுபடி காரிலிருந்து வயர் கொடுத்தார்கள். என்ஜின் இரண்டு சிலிண்டரில் மட்டும் பிடித்து, கடுமையாக மிஸ் அடித்தது. ஓவர்ஃப்ளோ குழாயிலிருந்து பெட்ரோல் கொட்டியது. உரிமையாளர் உடனே அணைத்தார். ஓடிய நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

அங்கே அவர் நிறுத்திக்கொண்டது இந்த வண்டியைக் காப்பாற்றிய முடிவு. ஆயில் கண்ணாடியைப் பார்த்தார்: ஆயில் மேல் கோட்டையும் தாண்டிக் கண்ணாடி முழுவதும் நிறைந்து நின்றது. நிறுத்தி வைத்த வண்டியில் ஆயில் அளவு தானாக அதிகரிக்காது. அதிகரித்திருந்தால் வேறு ஏதோ அதில் இறங்கியிருக்கிறது. அவர் டேப்பை 'ஆன்' நிலைக்கு மாற்றி, செல்ஃபைத் தொடாமல் மெக்கானிக்கை அழைத்தார்.

பிரித்துப் பார்த்தபோது

*ஆயிலும் சிலிண்டரும்.* முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றினார்கள். ஒன்றாம் சிலிண்டர் பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தது, மற்றவை கருப்படித்திருந்தன. டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றியபோது ஒன்றாம் சிலிண்டரின் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் தெறித்தது. பெட்ரோல் திரவமாக சிலிண்டரில் நிறைந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். ஏப்ரலில் அடித்த செல்ஃப் அந்த அளவுக்குப் போகாமல் தப்பியது, அவ்வளவுதான்.

ஆயிலை இறக்கினால் வர வேண்டியது மூன்றரை லிட்டர். வந்தது நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் போல நீர்த்து, பெட்ரோல் வாடையோடு. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்திலும் கிளட்ச் கவரின் உள்ளேயும் டிசம்பரில் பார்த்த அதே வெளிறிய பசை.

*கார்புரேட்டர்கள்.* ஒன்றாவதில் மிதவை நீடிலுக்கும் (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் ஊசி) அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு துருத் துணுக்கு சிக்கியிருந்தது. நீடில் அடையாததால் டேங்கிலிருந்து இறங்கிய பெட்ரோல் ஒரு பங்கு ஓவர்ஃப்ளோ வழியாகத் தரைக்கும், ஒரு பங்கு இன்டேக் வழியாக சிலிண்டருக்கும், அங்கிருந்து சம்புக்கும் போயிருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது கார்புரேட்டர்களில் ஸ்லோ ஜெட்கள் (குறைந்த வேகத்தில் பெட்ரோல் போகும் சின்னத் துளைகள்) முற்றிலும் அடைபட்டிருந்தன. ஸ்லோ ஜெட்டின் துளை 0.4 மில்லிமீட்டருக்கும் குறைவு. கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் காற்றுத் துளை வழியாக ஆவியாகும்போது எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய், பிசுபிசுப்பான பழுப்புக் கசடு தங்கும். அந்தத் துளையை மூட ஒரு மெல்லிய படலம் போதும். இரண்டு கிண்ணங்களின் அடியில் தண்ணீர் நின்ற இடத்தில் வெள்ளைப் பொடியாக அரிப்பும் இருந்தது.

*டேங்க்.* பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே டேங்க் சுத்தம். மேலே, காற்று மட்டும் இருந்த பாதியில், ஆரஞ்சு நிறத் துரு. முன்பு சொன்ன பகல் இரவு ஏற்ற இறக்கத்தில் டேங்க் மூடியின் காற்றுத் துளை வழியாக ஈரக் காற்று உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. ஒன்றாம் நீடிலில் சிக்கிய துணுக்கு இங்கிருந்து வந்ததுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ அரை சதவீதம், குளிரில் அதைவிடக் குறைவு. அந்த எல்லை தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். கிண்ணங்களில் கிடந்தது அந்த நீர்தான் என்று மெக்கானிக் கருதினார். நேரே வியர்த்து இறங்கிய நீராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் தீர்வு ஒன்றே என்பதால் மேலே ஆராயவில்லை.

*பேட்டரி.* 5.8 வோல்ட். பக்கவாட்டில் உப்பியிருந்தது. முழு சார்ஜில் உள்ள ஈய-அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும். அதே பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் மைனஸ் 7 முதல் 10 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஜனவரிக்குப் பின் அந்தக் கொட்டகையில் அதைவிடக் குளிராக இருந்த இரவுகள் பல.

ஏன் இறங்கியது என்று மல்டிமீட்டரை வைத்து அளந்தார்கள். சாவி அணைந்த நிலையில் கடிகாரமும் அலாரமும் சேர்ந்து 5 மில்லி ஆம்பியர் இழுத்தன. ஒரு வாரத்துக்கு 0.84 ஆம்பியர்-மணி. குளிரில் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் சுமார் 0.15. ஆக வாரச் செலவு ஒரு ஆம்பியர்-மணி. வரவு எவ்வளவு? புது பேட்டரி போட்ட பிறகு இதே வண்டியில் ஐட்லிங்கில் ஹெட்லைட் எரிய அளந்தால் பேட்டரி முனையில் 12.9 வோல்ட்தான் வந்தது. 5,000 ஆர்பிஎம்மில் 14.2. அணைக்க முடியாத ஹெட்லைட், இக்னிஷன் இரண்டும் எடுத்தது போக, சோக்கில் வேகம் கொஞ்சம் கூடியிருந்த நிமிடங்களையும் சேர்த்து, தாராளமாகக் கணக்கிட்டாலும் பத்து நிமிடத்தில் 0.3 ஆம்பியர்-மணிக்கு மேல் ஏறியிருக்காது. வாரா வாரம் 0.7 துண்டு விழுகிறது. 8.6 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு ஏழு வாரத்தில் பாதிக்கு வந்துவிடும். குளிரில் பாதி பேட்டரி நான்கு சிலிண்டரைச் சுற்றாது. ஏழாவது வாரம் செல்ஃப் இழுத்ததற்குக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

*சைலன்சர்.* அடியில் நீர் வடியும் சின்னத் துளை கரியும் துருவும் சேர்ந்து அடைத்திருந்தது. குத்தித் திறந்ததும் பழுப்பு நீர் வடிந்தது. உள்தகடு அடி மடிப்பில் அரித்து, வெளியிலும் ஓரிடத்தில் ஊசித் துளை விழுந்திருந்தது.

*மற்றவை.* செயினில் நான்கைந்து கண்ணிகள் துருவேறி மடங்கவில்லை. வெந்நீரில் கழுவிவிட்டு ஓட்டிக் காயவைக்காமல் நிறுத்தியது, பக்கத்திலேயே உப்பு மூட்டை, இரண்டுமே காரணம். முன் பிரேக்கில் ஒரு பிஸ்டன் இறுகியிருந்தது. டயர்களில் காற்று 36 பிஎஸ்ஐயிலிருந்து 27-க்கு இறங்கி, நின்ற இடத்தில் தட்டை விழுந்திருந்தது. அது ஓடியதும் சரியாயிற்று. ஏர் பாக்ஸில் எலி கூடு கட்டத் தொடங்கி, பஞ்சும் விதையும் சேர்த்திருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெரிய கேள்வி, என்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிரிப்பதா வேண்டாமா என்பது. பெட்ரோல் கலந்த ஆயிலில் ஓடியிருப்பதால் பேரிங் தேய்ந்திருக்கும், பிரித்துவிடலாம் என்பது உரிமையாளரின் எண்ணம். மெக்கானிக் மூன்று காரணம் சொல்லித் தடுத்தார். ஓடியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு, சுமையே இல்லை. ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்த்ததில் மின்னும் உலோகத் துகள் ஒன்றுகூட இல்லை. கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) நான்கு சிலிண்டரிலும் ஒன்றுக்கொன்று பத்து சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தது. ராடு வளைந்திருந்தால் அந்த சிலிண்டர் தனித்துத் தெரிந்திருக்கும். எங்கள் கணிப்பிலும் இது சரியான முடிவு. நன்றாக இருக்கும் என்ஜினைப் பிரிப்பதும் ஒரு ஆபத்தே.

ஆயில் இரண்டு முறை மாற்றப்பட்டது. முதல் முறை விலை குறைந்த ஆயில், புது ஃபில்டர். மற்ற வேலைகள் முடிந்து வண்டி ஓடத் தொடங்கிய பின் அரை மணி நேரம் சாலையில் ஓட்டி, சூடாக இருக்கும்போதே இறக்கினார்கள். ஒட்டிக்கொண்டிருந்த பசை அதோடு வந்துவிட்டது. இரண்டாம் முறை வழக்கமான ஆயில், மறுபடி புது ஃபில்டர்.

கார்புரேட்டர்களை முழுவதும் பிரித்து, ஜெட்களைக் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தார்கள். கம்பியால் குத்தவில்லை. பித்தளைத் துளை நூலளவு பெரிதானாலும் அந்த சிலிண்டரின் கலவை என்றைக்கும் சரிவராது. நான்கு நீடில்களும் கேஸ்கெட்டுகளும் புதிது. பூட்டிய பின் நான்கையும் வேக்குவம் கேஜ் வைத்துச் சமப்படுத்தினார்கள்.

டேங்குக்கு உட்பூச்சு பூச வேண்டாம் என்று முடிவானது. பூச்சு பின்னாளில் உரிந்தால் அதுவே ஜெட்டை அடைக்கும், துரு ஆழமாகவும் இல்லை. டேப்பைக் கழற்றித் துளையை அடைத்து, சோப்பு நீரால் பெட்ரோல் வாடை போகும் வரை கழுவி, லிட்டருக்கு 60 கிராம் வீதம் சிட்ரிக் ஆசிட் கலந்த வெதுவெதுப்பான நீரைக் கழுத்து வரை நிரப்பினார்கள். துரு மேல் பாதியில் இருந்ததால் கழுத்து வரை நிரப்புவது முக்கியம். ஒரு நாள் கழித்து இறக்கி, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே வெந்நீரில் அலசி, வெப்பக் காற்றால் உலர்த்தினார்கள். உலர்ந்த அடுத்த நிமிடமே கொஞ்சம் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி உருட்டினார்கள். அமிலம் பட்ட வெற்று இரும்பு ஈரத்தோடு ஒரு மணி நேரம் நின்றாலே மறுபடி துரு படியும்.

பேட்டரி, செயின், ஸ்பிராக்கெட், சைலன்சர், பிளக்குகள் புதிதாக மாற்றப்பட்டன. பிரேக் கேலிப்பரைப் பிரித்துச் சுத்தம் செய்து, சீலும் திரவமும் மாற்றினார்கள். பழைய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்து காப்பாற்ற முயலவில்லை. உறைந்து உப்பிய பேட்டரியை சார்ஜரில் போடுவது வெடிக்க வழி செய்வது.

இரண்டாவது குளிர்காலம்

அதே வண்டி, அதே கொட்டகை. இம்முறை சாலையில் உப்பு விழுவதற்கு முன்பே, அக்டோபர் கடைசியில் நிறுத்தினார்கள்.

ஸ்டெபிலைசரை பாட்டிலில் சொன்ன அளவில் ஊற்றி, டேங்கை எத்தனால் கலக்காத பெட்ரோலால் நிரப்பினார்கள். விரிவதற்குக் கழுத்தில் இரண்டு விரல் இடம் மட்டும் விட்டார்கள். எத்தனால் இல்லாதது கிடைக்காத இடத்தில் சாதாரண பெட்ரோலும் ஸ்டெபிலைசரும் போதும், டேங்க் நிறைந்திருப்பதே முதன்மை. பிறகு 15 கிலோமீட்டர் ஓட்டினார்கள். மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்து சேர அதுதான் வழி. வண்டி கொதிக்கும் சூட்டில் இருக்கும்போதே ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டன. ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் இருக்கும். அது ஐந்து மாதம் பேரிங்கில் ஊறுவதைவிடப் புது ஆயில் ஊறுவது நல்லது. மாற்றியதும் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு, புது ஆயிலைச் சுற்றவைத்தார்கள்.

டேப் 'ஆன்' நிலையில், அதாவது என்ஜின் நின்றால் அடைத்த நிலையில். என்ஜின் ஆறியதும் நான்கு கிண்ணங்களின் வடிகால் திருகையும் திறந்து, பெட்ரோலை ஒரு டப்பாவில் பிடித்து, திருகை மறுபடி மூடினார்கள். டேப்பை மூடிவிட்டு என்ஜின் தானே நிற்கும் வரை ஓடவிடும் வழக்கமும் உண்டு. அதில் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும், ஆகவே திருகைத் திறப்பதே முழுமையானது.

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மில்லி என்ஜின் ஆயில். டாப் கியரில் பின் சக்கரத்தைச் சில சுற்றுகள் கையால் சுற்றினார்கள். செல்ஃப் அடிக்கவில்லை: பிளக் கழன்ற நிலையில் செல்ஃப் அடித்தால் தீப்பொறி போக வழியின்றி இக்னிஷன் கெடலாம், பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார்கள். முதலில் நெகடிவ், பிறகு பாசிடிவ். மாதம் ஒருமுறை அளந்து 12.6 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் தானே நின்றுகொள்ளும் சார்ஜரில் ஓர் இரவு. அலாரம் இணைப்பு இல்லாமல் அந்த பேட்டரிக்கு இருமுறைதான் சார்ஜ் தேவைப்பட்டது.

கழுவியது நிறையக் குளிர்ந்த நீரில். வெந்நீர் உப்பின் அரிப்பை விரைவுபடுத்தும். கழுவிய பின் சில கிலோமீட்டர் ஓட்டி பிரேக்கையும் இடுக்குகளையும் காயவைத்த பிறகே மேற்சொன்ன ஆயில் வேலை தொடங்கியது. செயினை மண்ணெண்ணெயால் துடைத்துச் செயின் ஆயில் போட்டார்கள். கூலன்ட்டை மானி வைத்துப் பார்த்தார்கள். சரிபாதி கலவை மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். டயர்களில் வழக்கத்தைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ கூடுதல் காற்று, டயரில் அச்சிட்ட உச்ச அளவுக்குள். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, முன் டயரின் கீழே பலகை வைத்தார்கள்.

சைலன்சர் வாயையும் ஏர் பாக்ஸின் மூக்கையும் கம்பி வலையால் அடைத்தார்கள். தார்ப்பாய்க்குப் பதில் காற்றுப் புகும் துணி உறை. உப்பு மூட்டை கொட்டகையை விட்டு வெளியேறியது. ஹேண்டில்பாரில் ஒரு சிவப்பு அட்டை: 'பேட்டரி இல்லை. கிண்ணங்கள் காலி. வலை இரண்டு இடம். சிலிண்டரில் ஆயில்.' அடைத்ததை மறந்து வசந்தத்தில் செல்ஃப் அடிப்பவர்கள் உண்டு. அந்த அட்டைக்கு ஆன செலவு ஒன்றுமில்லை, பலன் பெரிது.

ஐந்து மாதமும் என்ஜின் ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யப்படவில்லை. உரிமையாளருக்கு இதுதான் கடினமாக இருந்தது. மாதம் ஒருமுறை போய் எலித் தடயம் உண்டா என்று பார்த்து, சக்கரங்களைக் கொஞ்சம் சுற்றிவிட்டு வந்தார்.

குளிர் விட்ட பிறகு

ஏப்ரல் முதல் வாரம். அட்டையில் எழுதியதை ஒவ்வொன்றாக அடித்தபடி வலைகளை எடுத்து, பேட்டரியைப் பூட்டி (12.7 வோல்ட்), டயர் காற்றைச் சரிசெய்து, பிரேக் அழுத்தத்தைப் பார்த்தார்கள். டேப்பை 'பிரைம்' நிலைக்குத் திருப்பி, கிண்ணங்கள் நிரம்ப அரை நிமிடம் விட்டு, கசிவு இல்லை என்று பார்த்து 'ஆன்' நிலைக்கு மாற்றினார்கள். செல்ஃப் இரண்டாவது அழுத்தத்தில் என்ஜின் பிடித்தது. சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து இரண்டு நிமிடம் வெள்ளைப் புகை வந்து நின்றது. நான்கு சிலிண்டரும் ஒரே சீராக ஓடின. டேங்க் உள்ளே துரு இல்லை, ஆயில் கண்ணாடி தெளிவாக இருந்தது.

ஒரே ஒரு தொல்லை. கிளட்ச் பிடித்து முதல் கியர் போட்டதும் வண்டி முன்னே துள்ளி அணைந்தது. ஐந்து மாதம் அசையாமல் ஒன்றோடொன்று அழுந்தி நின்ற கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கிளட்சைப் பிரிக்க அவசரப்படவில்லை. நியூட்ரலில் என்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, மேல் கியரில் போட்டு, கிளட்ச் லீவரை இறுக்கிப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் தள்ளினார்கள். நாலைந்து தள்ளலில் 'சட்'டென்று விட்டுக்கொடுத்தது. என்ஜினை ஓடவிடாமல் நிறுத்துவதற்கு இருக்கும் விலை இது. முதல் குளிர்காலத்தின் செலவுப் பட்டியலோடு ஒப்பிட்டால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இனி மாற்றப்படுபவை

மாதாந்தரப் பார்வையின்போது கிளட்ச் லீவரைப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து, மேல் கியரில் வண்டியைச் சற்றுத் தள்ளிவிட வேண்டும். இதற்கு என்ஜின் ஓடத் தேவையில்லை. லீவரைக் குளிர்காலம் முழுவதும் கட்டி வைக்கும் யோசனையும் பேசப்பட்டது. மாதம் ஒருமுறை அசைப்பதே போதும் என்று விட்டார்கள்.

சிலிண்டரில் ஆயில் விடுவதை அடுத்த ஆண்டு கைவிடலாமா என்று உரிமையாளர் கேட்டிருக்கிறார். ஐந்து மாதத்துக்கு அது இல்லாமலும் பெரும்பாலான என்ஜின்கள் தப்பிவிடும். ஆனால் இந்தக் கொட்டகையின் ஈரத்தைப் பார்த்த பிறகு தொடரச் சொல்வோம்.

இதையே கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டியில் செய்தால் வடிக்க கிண்ணம் கிடையாது. ஸ்டெபிலைசர் கலந்த பெட்ரோலில் கால் மணி நேரமாவது ஓட்டி, இன்ஜெக்டர் வரை அது போய்ச் சேர்ந்த பின்பே நிறுத்த வேண்டும். பம்ப் டேங்குக்குள் இருப்பதால் டேங்கைக் காலியாக வைக்கவே கூடாது. ஈரம் பட்டால் பம்ப் முதலில் போகும். அந்த வண்டிகளில் சாவி அணைந்த பிறகும் கம்ப்யூட்டர், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) என்று இழுக்கும் கருவிகள் கூடுதல், ஆகவே பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறை அந்த இழுப்பை மில்லி ஆம்பியரில் அளந்து, 24-ஆல் பெருக்கி ஒரு நாள் செலவைக் கண்டு, அதைக் கொண்டு பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. வெளியில் பொருத்திய அலாரமோ இருப்பிடம் காட்டும் கருவியோ இருந்தால் அந்த அளவு பல மடங்கு கூடியிருக்கலாம்.